வாங்கிய பாட்டுக்கு யாரிடம் அனுமதி?

2008 ஜனவரி. தைப்பூசக் காவடிக்குக் கொடியேற்றி மூன்றாம் நாள் மாலை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் விரதக்காரர்கள் மஞ்சள் உடையில் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மெமரி ஸ்டிக்கைக் கோயில் ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். அதன் சின்னத் திரையில் முதல் பாட்டின் பெயர் வந்தது. ஒரு வினாடிதான், அடுத்த பாட்டின் பெயர் வந்தது. அதுவும் போனது. இப்படியே 43 பாட்டின் பெயரும் வரிசையாக வந்து போயின. ஒலிபெருக்கியில் ஒரு சத்தமும் இல்லை.

பஜனைக் குழுவின் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஊரே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன கண்ணு, ஸ்டிக் கெட்டுப்போச்சா?"

"இல்ல மாமா. பாட்டு லைசென்ஸ் கேக்குது."

"காசு குடுத்துத்தானே வாங்கின?"

"ஆமா மாமா."

"அப்புறம் யாருகிட்ட அனுமதி கேக்கணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கடைசியில் உறுமி மேளம் அடிக்கிற பையன் ஒருவன் தன் பக்கி வண்டிக்கு (பின்னால் திறந்த சிறு சரக்கு வண்டி) ஓடிப்போய் ஒரு டிஸ்க் எடுத்து வந்தான். சனிக்கிழமைச் சந்தையில் 20 ராண்டுக்கு வாங்கியது, 150 பாட்டு, மேலே பேனாவால் 'முருகன்' என்று மட்டும் எழுதியிருந்தது. போட்டவுடன் பாடியது. அன்றைக்கு எங்கள் பஜனை நடந்தது அந்தத் திருட்டு டிஸ்க்கை வைத்துத்தான்.

பதினேழு, பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் அது என் மனதை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் அந்த டிஸ்க் வேண்டாம் என்று இரண்டு மாதமாக எல்லோரிடமும் பேசியவள் நான். 'பாடினவருக்கு ஒரு சதம்கூடப் போகாது, மெட்டுப் போட்டவருக்கும் போகாது, விரதம் இருந்து பாடுகிற பாட்டையாவது நேர்மையாக வாங்குவோம்' என்று சொல்லி, குழு உண்டியலிலிருந்து சுமார் 300 ராண்ட் வாங்கிப் போயிருந்தேன். மாமாதான் முதலில் சரி என்றார். அவர் சொன்னதால் மற்றவர்களும் சரி என்றார்கள். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் கொண்டுவந்தது 43 பெயர்கள் மட்டும்.

ஒரு பாட்டு ஓடாததற்கு இவ்வளவு பேச்சா என்று சென்னையில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். இங்கே நிலைமை வேறு. எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளின் வீட்டில் ஆங்கிலம்தான் பேச்சு. அவர்களின் அம்மா அப்பாவுக்கும் அதுதான். ஆயா, தாத்தா இருக்கிற வீடுகளில் தமிழ் கொஞ்சம் காதில் விழும். ஆனால் பாட்டு எல்லோருக்கும் உண்டு. ஆங்கில எழுத்தில் எழுதின தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாடுவார்கள். எங்கே நீட்டுவது, எங்கே நிறுத்துவது, ழகரத்தை எப்படி உருட்டுவது என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்காது. அது ஒலிப்பதிவில்தான் இருக்கிறது. ஒரு பதிகத்தை இருபது தடவை கேட்டுத்தான் ஒரு பெண் பிள்ளை அதைப் பாடக் கற்றுக்கொள்கிறாள். வீட்டில், பள்ளிக்குப் போகிற காரில், ஆயாவின் அடுப்படியில், அண்ணனின் போனில் என்று பல இடத்தில் கேட்டால்தான் இருபது தடவை ஆகும். எங்களுக்கு ஒலிப்பதிவுதான் வாத்தியார். வாத்தியார் ஒரே ஒரு கணினியை விட்டு வெளியே வர மாட்டேன் என்றால் என்ன செய்வது?

1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்தபோது, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக இறங்கியவர்கள் பாட்டை மனதில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அந்தப் பாட்டு வாய்வழியாகவே இரண்டு மூன்று தலைமுறை தாண்டியது. என் ஆயா வளர்ந்தது டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில். பெரும்பாலும் தமிழர்கள் வாழ்ந்த இடம். அங்கே ஒரு வீட்டில் கிராமபோன் இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வீட்டு வாசலில் இருபது பேர் உட்காருவார்கள். இன்னொரு வீட்டுக்காரர் தன்னிடம் இருந்த தட்டைக் கொண்டுவந்து கொடுப்பார், அது இந்தக் கிராமபோனில் ஓடும். யார் வாங்கிய தட்டும் யார் பெட்டியிலும் ஓடும். இது பெரிய விஷயம் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது. 1960-களில், இனத்துக்கு ஒரு பகுதி என்று மக்களைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தின் கீழ் அவர்களை அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியபோது, ஆயா வீட்டுப் பாத்திரங்களோடு எட்டு இசைத்தட்டுகளும் வந்தன. கிராமபோன் வரவில்லை. புது இடத்தில் யாரிடம் கிராமபோன் இருக்கிறது என்று கண்டுபிடித்து அங்கே போய்க் கேட்டாராம்.

அப்புறம் கேசட் வந்தது. 1983-ல் ரேடியோ லோட்டஸ் தொடங்கியதும் எங்கள் வீட்டில் அப்பா இரண்டு விரலை ரெக்கார்ட் பொத்தானில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அத்தை கல்யாணமாகிப் போனபோது சீர்வரிசையோடு ஆறு கேசட்டும் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு அப்புறம் சிடி. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து ஒரே அளவுகோலை எழுதி வைத்ததால், எந்தக் கம்பெனி சிடியும் எந்தக் கம்பெனி பெட்டியிலும் பாடியது. அந்த ஒற்றுமையை முதலில் குலைத்தவர்களும் இசைக் கம்பெனிகள்தான். 2001-லிருந்து சில கம்பெனிகள் கணினியில் ஓடாதபடி சிடிக்குள்ளேயே தடுப்பு வைத்து விற்றன. அவை அளவுகோலை மீறியவை, காம்பாக்ட் டிஸ்க் சின்னத்தைப் போடக்கூடாது என்று பிலிப்ஸே சொன்னது. 2005-ல் சோனி பிஎம்ஜி இன்னும் மேலே போனது. பாட்டு கேட்கலாம் என்று சிடியைக் கணினியில் போட்டால், மென்பொருள் ஒன்று விண்டோஸுக்குள் மறைந்து உட்கார்ந்துகொண்டது. அந்த வருடம் அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர் அதைக் கண்டுபிடித்து எழுதினார். சில வாரங்களில் சிடிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. காசு கொடுத்து வாங்கியவர் கணினிக்குத்தான் ஆபத்து வந்தது. சந்தையில் திருட்டு நகல் வாங்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரி, என் 43 பாட்டுக்கு வருகிறேன்.

2007 கடைசியில் தமிழ்ப் பக்திப் பாடல்களைச் சட்டப்படி தரவிறக்க எனக்குக் கிடைத்தது ஒரு வெளிநாட்டு இணையக் கடை. ஆப்பிளின் ஐடியூன்ஸ் இசைக் கடை அமெரிக்காவில் 2003 ஏப்ரலில் திறந்தது, ஆனால் தென்னாப்பிரிக்காவுக்கு அது வந்தது 2012 டிசம்பரில்தான். நான் போன கடையில் ஒரு பாட்டு சுமார் ஒரு டாலர், அப்போதைய மதிப்பில் ஏழு ராண்ட். எங்கள் வீட்டு இணையத்துக்கு மாதம் 3 ஜிபி வரம்பு. முட்ஸினியில் கரையேறிய சீகாம் கடலடிக் கேபிள் 2009 ஜூலையில்தான் வேலை செய்யத் தொடங்கியது. அதற்கு முன் இங்கே இணையத்தை ரேஷன் மாதிரிதான் செலவு செய்தோம். ஒவ்வொரு பாட்டும் இறங்கும் வரை வேறு எதையும் திறக்காமல் காத்திருந்தேன். வீட்டுக் கணினியில் எல்லாம் அழகாகப் பாடின. நான் சோதித்துப் பார்த்ததும் அங்கே மட்டும்தான்.

அவை பூட்டுப் போட்ட டபிள்யூ.எம்.ஏ. கோப்புகள், அதாவது மைக்ரோசாஃப்டின் ஒலிக்கோப்பு வடிவம். இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை அந்தக் காவடிக்கு அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். கடை அனுப்புகிற கோப்பில் இசை மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவி கோப்பில் இருக்காது. லைசென்ஸ் என்ற பெயரில் தனியாக, கடையின் சர்வரிலிருந்து வரும். அந்த லைசென்ஸ் நம் கணினியின் வன்பொருளோடு பிணைக்கப்பட்டு, கண்ணில் படாத ஓர் அடைவில் உட்காரும். கோப்பை எத்தனை இடத்துக்கு வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். சாவி கூட வராது. பாட்டின் பெயர், பாடியவர் பெயர், எத்தனை நிமிடம் என்பதெல்லாம் மறையாக்கம் இல்லாத தலைப்பகுதியில் இருப்பதால் அதை எந்தக் கருவியும் படித்துவிடும். கோயில் ஆம்ப்ளிஃபயர் 43 பெயரையும் காட்டிவிட்டுப் பாடாமல் போனது இதனால்தான்.

சாவியிலும் பல வகை. இந்தப் பாட்டை எத்தனை முறை சிடியில் எழுதலாம், எந்த மாதிரி கையடக்கக் கருவிக்கு மாற்றலாம், மாற்றவே கூடாதா என்று பாட்டுக்குப் பாட்டு வேறு விதி. விதியை வைப்பது இசைக் கம்பெனி. என் 43-ல் 32 பாட்டை மூன்று முறை சிடியில் எழுதலாம். மீதி 11-க்கு அந்த அனுமதியே இல்லை. விலை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வாங்குகிற பக்கத்தில் இந்த வித்தியாசத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கருவிகளின் கதை இன்னும் மோசம். மைக்ரோசாஃப்ட் 2004-ல் 'பிளேஸ்ஃபார்ஷ்யூர்' என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. இந்த முத்திரை உள்ள கடையில் வாங்கியது இந்த முத்திரை உள்ள பிளேயரில் நிச்சயம் ஓடும் என்பது பேச்சு. இரண்டு வருடம் கழித்து, 2006 நவம்பரில், அதே மைக்ரோசாஃப்ட் 'ஜூன்' (Zune) என்ற சொந்த பிளேயரை விற்பனைக்கு விட்டது. பிளேஸ்ஃபார்ஷ்யூர் பாட்டுகள் அதில் ஓடவில்லை. ஆப்பிள் பக்கம் ஃபேர்பிளே என்ற வேறு பூட்டு. அங்கே வாங்கியது ஐந்து கணினிகளிலும் ஐபாடிலும் ஓடும், வேறு கம்பெனி பிளேயரில் ஓடாது. 2004-ல் ரியல்நெட்வொர்க்ஸ் தன் கடைப் பாட்டுகளை ஐபாடில் ஓடவைக்க வழி கண்டுபிடித்தபோது, ஆப்பிள் ஐபாடின் உள்மென்பொருளை மாற்றி அந்த வழியை அடைத்தது. எங்கள் குழுவில் மட்டும் என் கணினி, அக்கா மகனின் ஐபாட், மாமாவின் மகள் வைத்திருந்த பிளேயர், இரண்டு மூன்று வகை போன்கள், கோயில் ஆம்ப்ளிஃபயர், பக்கி வண்டியின் ஸ்டீரியோ என்று எத்தனை பெட்டிகள்! என் பாட்டு அதில் ஒன்றில் ஓடியது. 20 ராண்ட் டிஸ்க்கிலிருந்த எம்பி3 எல்லாவற்றிலும் ஓடியது. திருட்டு நகல் விலை மலிவு என்பதால் ஜெயித்தது என்று கம்பெனிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் மண்டபத்தில் நான் பார்த்த வரையில், விலையை எங்கள் குழு ஏற்கெனவே மனதார ஏற்றுக்கொண்டிருந்தது. தோற்றுப்போனது வேறு இடத்தில்.

காவடி முடிந்த வாரத்தில் இன்னொன்று நடந்தது. அந்த ஜனவரியில்தான் நாடு முழுக்க லோட் ஷெட்டிங். மின்சாரம் போய்ப் போய்த் திரும்பி வந்ததில் ஒரு நாள் என் கணினியின் மதர்போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் பிழைத்தது, கோப்புகள் பத்திரம். ஆனால் போர்டை மாற்றியதும் லைசென்ஸைப் பொறுத்தவரை அது வேறு கணினி! பழைய மீடியா பிளேயரில் லைசென்ஸ்களைத் தனியே சேமித்து வைக்க ஒரு வசதி இருந்தது, நான் வைத்திருந்த 11-ஆம் பதிப்பில் அதை எடுத்துவிட்டிருந்தார்கள். கடைக்கு மின்னஞ்சல் எழுதினேன். ரசீது எண் கேட்டார்கள், அனுப்பினேன். மறுபடி கேட்டார்கள். இரண்டு வாரம் கழித்து 'இந்த ஒரு முறை மட்டும்' என்று புது லைசென்ஸ் தந்தார்கள். அந்தச் சொல் எனக்கு வலித்தது. கடன் வாங்கியவளிடம் பேசுகிற தொனி அது.

அதற்கு அப்புறம் விழித்துக்கொண்டேன். அனுமதி இருந்த 32 பாட்டையும் ராத்திரியோடு ராத்திரியாகச் சிடியில் எழுதினேன். சிடியில் எழுதினால் பூட்டு கழன்றுவிடும், சாதாரண ஒலித்தடமாக மாறிவிடும். அதைத் திரும்பக் கணினியில் எம்பி3 ஆக்கினால் எங்கும் ஓடும். ஆனால் ஏற்கெனவே சுருக்கியதை விரித்து மறுபடி சுருக்குவதால் ஒலி தேயும். பேச்சில் இது தெரியாது. ஜால்ராவில் தெரியும். கணீரென்று விழ வேண்டிய தட்டு, கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி 'ஸ்ஸ்' என்று சிதறும். நாதஸ்வரத்தின் மேல் ஸ்தாயியும் கொஞ்சம் மங்கும். பிள்ளைகள் கற்றுக்கொள்கிற ஒலிப்பதிவில் தாளத்தின் விளிம்பு மழுங்கிப் போவது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

அக்கா மகன் வேறு வழி சொன்னான். 2006-லேயே இந்தப் பூட்டை உடைக்கிற சிறு நிரல் ஒன்று இணையத்தில் வந்திருந்தது. இரண்டு நிமிட வேலை, சித்தி, என்றான். நான் செய்யவில்லை. இந்த நாட்டில் 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம், 86-ஆம் பிரிவில், தரவுக்குப் போட்ட பாதுகாப்பை முறிப்பதற்கென்றே செய்த நிரலைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதும் கொடுப்பதும் குற்றம் என்று அப்போது சொன்னது. திருட்டு டிஸ்க் வேண்டாம் என்று பேசிய வாயோடு அந்த நிரலை இயக்க எனக்கு மனம் வரவில்லை. இன்று நினைத்தால், அவன் பக்கமும் நியாயம் இருந்தது என்றே படுகிறது. நான் வாங்கிய பாட்டை நான் கேட்பதற்காகத்தானே அவன் சொன்னான்? நான் வாங்கியதை நான் கேட்பதும், அடுத்தவனுக்கு நகல் போட்டு விற்பதும் ஒன்றில்லை. என் கணினியில் இருந்த பூட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அந்த வருடத்தில் எனக்கு நடந்ததே உலகம் முழுக்கப் பலருக்கு நடந்துகொண்டிருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. 2008 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மியூசிக், ஆகஸ்ட் 31-க்குப் பிறகு சாவி வழங்க மாட்டோம் என்று வாடிக்கையாளருக்கு எழுதியது. அதாவது அந்தத் தேதிக்கு அப்புறம் கணினி மாற்றினால் பாட்டு போயிற்று. பெரிய எதிர்ப்பு வந்த பிறகு 2011 கடைசி வரை நீட்டினார்கள். ஜூலையில் யாஹூ இதே மாதிரி கடிதம் அனுப்பியது, செப்டம்பர் 30 கடைசி நாள் என்று. கூச்சல் எழுந்ததும் ஈடு தருவதாகச் சொன்னது. செப்டம்பரில் வால்மார்ட் அக்டோபர் 9 என்று தேதி குறித்து, எதிர்ப்புக்குப் பின் பின்வாங்கியது. இவை எல்லாம் பெரிய பெயர்கள், பத்திரிகையில் வந்தன, அதனால் நியாயம் கிடைத்தது. என் கடை சின்னது. 2009-ல் ஒரு நாள் முகவரியைத் தட்டினேன், பக்கம் திறக்கவில்லை. கடிதமும் வரவில்லை. 2010-ல் புதுக் கணினி வாங்கியபோது, சிடியில் எழுத அனுமதி இல்லாத அந்த 11 பாட்டும் ஊமையாயின.

உண்மையில், பூட்டினால் யாருக்கும் பயனில்லை என்பதைக் கம்பெனிகளுக்கு அப்போதே எடுத்துச் சொன்னவர்கள் உண்டு. 2007 பிப்ரவரி 6 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு வெளிப்படையான கடிதம் எழுதினார். அதில் அவர் சொன்ன கணக்கு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: 2006-ல் இணையக் கடைகளில் பூட்டோடு விற்றவை 200 கோடிக்கும் குறைவான பாட்டுகள், அதே வருடம் அதே கம்பெனிகள் எந்தப் பூட்டும் இல்லாமல் சிடியில் விற்றவை 2,000 கோடிக்கும் மேல். முன்வாசலை அகலத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்துச் சன்னலுக்கு ஏழு தாழ்ப்பாள் போட்ட கதை. பூட்டை வைத்துத் தன் ஐபாடை விற்றவரும் அவர்தான் என்பதை மறக்கவில்லை. ஆனால் கணக்கு சரி. பெரிய இசைக் கம்பெனிகளில் ஈஎம்ஐ முதலில் இறங்கி வந்தது. 2007 மே மாதம் ஐடியூன்ஸில் அதன் பாட்டுகள் பூட்டில்லாமல், இரட்டிப்பு தரத்தில், 99 சென்ட்டுக்குப் பதில் 1.29 டாலருக்கு வந்தன. அந்தச் செப்டம்பரில் அமேசான் எந்தப் பூட்டும் இல்லாத எம்பி3 விற்கத் தொடங்கியது. 2009 ஜனவரியில் ஆப்பிள் எல்லாப் பாட்டுக்கும் பூட்டை எடுப்பதாக அறிவித்தது. முன்பே வாங்கியவர்கள் அதே பாட்டைப் பூட்டில்லாமல் பெறப் பாட்டுக்கு 30 சென்ட் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றார்கள். முதலில் நம்பி வாங்கியவர்களே இரண்டு தடவை காசு கொடுத்தார்கள்.

2012 டிசம்பரில் ஐடியூன்ஸ் இங்கே திறந்தபோது முதல் வாரமே போய்ப் பார்த்தேன். என் 11-ல் நான்கு பாட்டு இருந்தன, திரும்ப வாங்கினேன். பூட்டு இல்லை. ஆனால் காரில் போட்டால் பாடவில்லை! எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. அது வேறு காரணம். ஆப்பிள் விற்பது ஏஏசி என்ற வடிவம், என் காரின் ஸ்டீரியோவுக்கு எம்பி3 மட்டும்தான் தெரியும். எம்பி3-யாக மாற்றிக்கொண்டேன், பாடியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கருவியில் ஓடவில்லை என்றவுடன் எல்லாவற்றையும் பூட்டு என்று நினைத்துச் சலித்துக்கொள்கிற பலரைப் பார்க்கிறேன். வடிவம் புரியாத கருவிக்கு மாற்றிக் கொடுத்தால் போதும். பூட்டு போட்டதை மாற்ற முடியாது. வாங்குவதற்கு முன் இது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழுக்கு மட்டும் இன்னொரு சிக்கல் உண்டு. பாட்டின் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்தால் பல கார் ஸ்டீரியோக்களில் கட்டம் கட்டமாகத்தான் வரும். 1991-லேயே யூனிகோடில் தமிழ் சேர்ந்துவிட்டது, ஆனால் அந்தப் பெட்டிகளில் தமிழ் எழுத்துரு இல்லை. அதனால் எங்கள் வகுப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்திலும், உள்ளே இருக்கிற தலைப்பைத் தமிழிலும் வைக்கிறோம். பிள்ளைகள் போனில் பார்க்கும்போது தமிழ்ப் பெயரைப் படிப்பார்கள். அந்த ஒரு வரியாவது படிக்கட்டுமே.

இப்போது யாரும் பாட்டு வாங்குவதில்லை. 2018 மார்ச்சில் ஸ்பாட்டிஃபை இங்கே வந்ததும் எங்கள் குழுப் பிள்ளைகள் எல்லாம் அங்கே போய்விட்டார்கள். நானும் கேட்கிறேன். ஏழு ராண்டுக்கு ஒரு பாட்டு வாங்கக் காத்திருந்த காலத்தை நினைத்தால், மாதச் சந்தாவில் கிடைப்பது அதிசயம். ஆனால் அங்கே கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தட்டி 'டவுன்லோட்' ஆகிவிட்டது என்று பிள்ளைகள் சொல்லும்போது எனக்குத் திக்கென்கிறது. அது மறையாக்கம் செய்த கோப்பு. அந்தச் செயலிக்குள் மட்டும் ஓடும், 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும், சந்தா நின்றால் நிற்கும். என் 2007 கோப்பும் இதே ஜாதிதான். ஒரு வித்தியாசம் உண்டு: இங்கே இதை வாடகை என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். எனக்கு 'வாங்கு' என்ற பொத்தானைக் காட்டினார்கள். என் கோபம் முழுக்க அந்தச் சொல்லின் மேல்தான். வாடகைக்கு என்றால் வாடகைக்கு என்று எழுதுங்கள், நான் யோசித்து முடிவெடுப்பேன்.

சட்டமும் இங்கே இன்னும் தெளிவாகவில்லை. எங்களுடையது 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். 2017-ல் வந்த திருத்த மசோதா, அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டுக்காகப் பூட்டைத் தாண்டுவதற்கும் சில வழிகள் தருகிறது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது, ஜனாதிபதி 2020-ல் திருப்பி அனுப்பினார், 2024 பிப்ரவரியில் மறுபடி நிறைவேறியது, அந்த அக்டோபரில் அவர் அதை அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். பாடகர்களிலும் எழுத்தாளர்களிலும் பலர் அந்த மசோதாவைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன், ஒரு பதிகத்தைப் பாடிப் பதிவு செய்பவருக்குக் கிடைப்பதே கொஞ்சம். அவருக்குப் போக வேண்டிய காசைக் கொடுக்க எங்கள் உண்டியல் என்றைக்கும் தயாராக இருந்தது. 2007-லும் இருந்தது. அந்த 300 ராண்டில் அவருக்கு ஏதாவது போயிருந்தால் எனக்குச் சந்தோஷம்.

மாமா 2014-ல் காலமானார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, ஐடியூன்ஸில் திரும்ப வாங்கிய நான்கு பாட்டையும் ஒரு சிடியில் எழுதி அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பெட்டியில் போட்டார். முதல் பாட்டு முடியும் வரை ஒன்றும் பேசவில்லை, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இது யாருகிட்டயும் கேக்கலையே?" என்றார். "இல்ல மாமா, இது நம்மளது" என்றேன். அடுத்த பாட்டை வைக்கச் சொன்னார்.

மீதி ஏழு பாட்டு இன்னும் என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. இதுவரை நான்கு டிஸ்க்குகள் மாறியாயிற்று, ஒவ்வொரு முறையும் அவற்றை மறக்காமல் நகலெடுக்கிறேன். தட்டினால், லைசென்ஸ் கிடைக்கவில்லை என்று வரும். ஆனால் தலைப்பகுதி திறந்திருப்பதால் பெயரும் நேரமும் தெரிகின்றன. ஒன்று 6 நிமிடம் 12 வினாடி, பெண் குரல், காவடிச் சிந்து மெட்டு. கொடியேற்றத்துக்கு முதல் நாள் வீட்டுக் கணினியில் அதைக் கேட்டுவிட்டுத்தான் 'இதைத்தான் முதலில் போடணும்' என்று வரிசை மாற்றினேன். அதன் பல்லவி பாதி நினைவிருக்கிறது, சரணம் நினைவில்லை. மற்ற ஆறில் இரண்டு அம்மன் பாட்டு, நான்கு முருகன் பாட்டு. ஏழும் எண்பதுகளில் கேசட்டாக வந்தவை என்று அந்தக் கடையில் எழுதியிருந்தார்கள். சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ மெரிபேங்கிலோ, உங்கள் ஆயா வீட்டு அலமாரியில் எண்பதுகளின் பக்திக் கேசட்டுகள் இருந்தால், தயவுசெய்து எறிவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் வந்து பார்க்கிறேன். பட்டியலைக் கையோடு கொண்டுவருகிறேன்.